பாவலரின் தம்பி, மூகாம்பிகையின் பக்தன்

இளையராஜா மாறிவிட்டார் என்று குறைசொல்பவர்களும், அவர் பிறவியிலேயே ஞானி என்று கொண்டாடுபவர்களும் வன்னியில் எங்கள் விசுவமடுவில் நிறையவே இருக்கிறார்கள். றெட்பானாச் சந்தித் தேநீர்க்கடையில் அவருடைய பாட்டொன்று போனால் போதும், இந்தப் பேச்சு தொடங்கிவிடும். முந்திச் சிவப்புக் கொடிக்குக் கீழே நின்று பாடினவர், இப்போது கோயில் கோயிலாகப் போகிறார் என்பார் ஒருவர். அவருக்குள்ளே எப்போதும் அம்மன்தான் இருந்தாள் என்பார் மற்றவர். இரண்டு பேருமே பாதி வாழ்க்கையைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். கடவுளைத் தேடின ஒரு மனிதர் எந்த இடத்திலிருந்து புறப்பட்டார், எதை விட்டார், எதை விடவில்லை என்று ஆற அமரப் பார்க்கவேண்டும். அதுவும் எங்களைப் போன்ற ஊர்க்காரர் கட்டாயம் பார்க்கவேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1943 ஜூனில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் ஞானதேசிகன், பள்ளிக்கூடத்தில் ராஜையா. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த பிள்ளை, சிறுவயதிலேயே தகப்பனை இழந்தவர். வீட்டுக்கு மூத்தவர் பாவலர் வரதராஜன். பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாட்டுக் கட்டி, ஊர் ஊராகப் போய் மேடையேறிப் பாடியவர் அவர். பதினான்கு வயதில் ராஜையாவும் அந்தக் குழுவில் சேர்ந்துகொண்டார். குரல் உடையாத வயதென்பதால் பெண் குரலில் பாடவேண்டிய இடங்கள் அவருக்கு வந்தன. பிறகு ஆர்மோனியம் கைக்கு வந்தது. சனத்துக்கு ஏற்கெனவே பழகிய சினிமா மெட்டிலும் நாட்டுப்புற மெட்டிலும் கூலி, நிலம், பசி என்ற சொற்களை ஏற்றிப் பாடுவது வரதராஜனின் முறை. மெட்டுத் தெரிந்த சனம் சொல்லையும் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகும். பாட்டு யாரிடம் போய்ச் சேரவேண்டும் என்ற பாடத்தை இளையராஜா படித்தது அந்தப் புழுதி மேடைகளில்தான்.

1958இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தபோது, கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காக வரதராஜன் அங்கே போய்ப் பாடினார். மூணாறு மலைகளில் தேயிலை பறித்த தமிழ்த் தொழிலாளிகள்தான் அந்தத் தொகுதியின் உயிர்நாடி. ரோசம்மா வென்றார். இந்தச் செய்தியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் அயல் ஞாபகத்துக்கு வரும். தர்மபுரத்திலும் விசுவமடுவிலும் 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. அந்த வீடுகளின் முதியவர்களும் கொழுந்து பறித்த கைகளோடு வந்தவர்கள்தான். பண்ணைப்புரத்துப் பாவலர் பாட்டோடு சேர்ந்துநின்ற மனிதர்கள், எங்கள் அடுத்த வேலிக்காரரின் உறவுமுறை போன்றவர்கள்.

கட்சி மேடையில் பாடினார் என்பதால் அன்றைக்கு அவர் கடவுள் மறுப்பாளர் என்று முடிவுகட்டுவது அவசரம். எங்கள் ஊரில் பகலில் கட்சி ஊர்வலத்தில் கோஷம் போட்டு, வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளை அம்மாளாச்சியிடம் கால்நடையாகப் போனவர்களை எல்லோருக்கும் தெரியும். மேடை ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது, அம்மாளாச்சி வேறொரு கேள்விக்குப் பதில் சொன்னாள். ராஜையாவின் நெஞ்சில் அன்று என்ன இருந்தது என்பது அவருக்கே வெளிச்சம். வெளியே தெரிந்தது இவ்வளவுதான்: பாட்டு மனிதனுடைய துன்பத்தைப் பாடியது, மேலே கைகாட்டவில்லை.

1960களின் கடைசியில் அண்ணன் தம்பிகள் சென்னைக்குப் புறப்பட்டபோது தாய் சின்னத்தாய் வீட்டு ரேடியோவை விற்று, வந்த 400 ரூபாவையும் அப்படியே அவர்கள் கையில் கொடுத்தார் என்பது பலரும் அறிந்த கதை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. 1973இல் வரதராஜன் காலமானார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது, பஞ்சு அருணாசலம் வைத்த பெயரோடு இளையராஜாவும் வந்தார்.

அந்த வருசம் விசுவமடு எப்படி இருந்தது? படித்த வாலிபர் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர்கள் காட்டை வெட்டி, கிணறு தோண்டி, மிளகாயும் வெங்காயமும் போட்டுக்கொண்டிருந்த காலம். இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை. மிளகாய்க் காசில் பலர் முதலில் வாங்கியது ரான்சிஸ்ரர் றேடியோ. அதை வரம்பிலே வைத்துவிட்டுத் தண்ணி கட்டுவார்கள். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் ‘அன்னக்கிளி’ப் பாட்டுகள் வந்தபோது, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டதாகச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் ஊரில் உண்டு. தாய் விற்ற ரேடியோ மகனை எங்களுடைய வரம்புக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

பிறகு அவர் மாறத் தொடங்கினார். கொல்லூர் மூகாம்பிகை அவருடைய தெய்வமானாள். 1982இல் வந்த ‘தாய் மூகாம்பிகை’ படத்தில் வாலி எழுதிய ‘ஜனனி ஜனனி’யைத் தானே பாடினார். அந்தக் குரலில் படத்துக்காகப் பாடுகிற பாவனையே இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் உருத்திராக்கம் என்று தோற்றமும் மாறியது. திருவண்ணாமலை ரமணர் அவருக்குக் குருவானார். 1879இல் திருச்சுழியில் பிறந்து, பதினாறு வயதில் மதுரை வீட்டுக்குள் மரண பயத்தை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, 1896இல் வீட்டைத் துறந்த அந்த மனிதர் மேல் இளையராஜா தானே பாட்டெழுதி இசைத்தட்டுகள் வெளியிட்டார். ‘ரமண மாலை’யில் இருந்த ‘பிச்சைப் பாத்திரம்’ பின்னாளில் ‘நான் கடவுள்’ படத்தில் வந்து உலகத்துத் தமிழரையெல்லாம் கலங்கடித்தது. 1987இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தில் ஒரு நிலையைக் கட்டும் செலவு அவருடையது. 2007இல் வந்த ‘பெரியார்’ படத்துக்கு இசையமைக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வேலையை வித்யாசாகர் செய்தார். அண்ணனோடு சிவப்பு மேடையில் நின்ற பொடியனை நினைத்துப் பார்த்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. எனக்கும் அதில் வருத்தம் இருக்கிறது. ஆனால் நம்பிக்கை இல்லாத வேலைக்குக் காசுக்காகத் தலையாட்டாத நேர்மையும் அதற்குள் இருக்கிறது.

இந்த மாற்றத்தை நாங்கள் எந்த நிலையில் கேட்டோம் என்பதைச் சொல்லாமல் போகமுடியாது. 1990இலிருந்து பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி நிறுத்தி, பின் சில்லோடு டைனமோவைச் சாய்த்துவிட்டு, அதிலிருந்து இரண்டு வயரை றேடியோவுக்கு இழுப்போம். ஒருவர் குந்தியிருந்து கையால் பெடலைச் சுற்றவேண்டும். சுற்று குறைந்தால் சத்தம் இறங்கும். பாட்டு உச்சத்துக்குப் போகிற இடத்தில் கை களைத்தால் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஏசுவார்கள். செய்தி கேட்கத்தான் இந்தப் பாடு, ஆனால் செய்திக்கு முன்னும் பின்னும் பாட்டு வரும். காதல் பாட்டுக்கு ஒரு பொடியன் சுற்றுவான். ‘ஜனனி’க்கு, பெடலைத் தொட்டே பார்த்திராத கிழவி தானாக வந்து சுற்றுவாள். மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியும் அந்த டைனமோவில்தான் கேட்டது. அதில் ஜெகத் கஸ்பர் அடிகளின் குரலுக்காக வன்னியே காத்திருந்தது.

அதே ஜெகத் கஸ்பர், ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், சில வருசம் கழித்துத் தமிழ் மையம் என்ற அமைப்பின் வழியாக இளையராஜாவின் திருவாசக சிம்பொனியை 2005இல் வெளியிட்டார். அந்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்கவில்லை. மாணிக்கவாசகர் பாடிய சைவத் திருமறை, அதை இசையில் கட்டியவர் பொதுவுடைமை மேடையிலிருந்து வந்தவர், காசு திரட்டி நின்றவர் வேதக்கோயில் சுவாமி, வாசித்தவர்கள் ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவினர், ஆங்கில வரிகளை எழுதியவர் அமெரிக்கர் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ். இதற்கு நூறு வருசத்துக்கு முன்பே, 1900இல், திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்தவரும் ஜி.யூ. போப் என்ற பாதிரியார்தான். சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்திருந்ததால் சீடியாக அது எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது.

திருவாசகம் எங்களுக்குப் படித்து ரசிக்கிற நூல் இல்லை. செத்த வீட்டு முற்றத்தில் பந்தலுக்குக் கீழே உரலை வைத்து, மஞ்சளும் அறுகும் மற்றதுகளும் போட்டு, உறவுக்காரர் உலக்கை பிடித்துச் சுண்ணம் இடிப்பார்கள். குருக்களோ ஓதத் தெரிந்த பெரியவரோ திருப்பொற்சுண்ணம் படிப்பார். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் உலக்கை விழும் சத்தத்தோடு பெண்களின் அழுகையும் எழும். அந்தச் சத்தத்தோடு திருவாசகத்தை அறிந்த காது, அதே நூலை நூறு வயலின்கள் சேர்ந்த இசையில் கேட்டபோது முதலில் முகம் சுளித்தது. இது சர்ச்சுப் பாட்டு மாதிரி இருக்கு என்று ஊரில் சிலர் சொன்னார்கள். வேறு சிலர், ஓதுவார் இல்லாத ஊருக்கு இது போதும் என்று மார்கழியில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். வேதக்கார வீட்டுப் பிள்ளைகளும் தயக்கமில்லாமல் கேட்டதை நான் பார்த்தேன். பக்திப் பாட்டைப் பக்தர் அல்லாதவரும் உள்ளே வந்து கேட்கும்படி செய்ததுதான் அவருடைய தேடலின் ஆகப்பெரிய பலன் என்பேன். புழுதி மேடையில் கற்ற பாடம், பாட்டு யாரிடம் போய்ச் சேரவேண்டும் என்ற அந்தப் பாடம், இங்கேயும் வேலை செய்கிறது.

2009 ஜனவரியில் போரால் விசுவமடு வெறுமையாயிற்று. சுதந்திரபுரம், தேவிபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று சனம் ஒதுங்கிக்கொண்டே போனது. வழியில் செத்தவர்களுக்குச் சுண்ணம் இல்லை, திருவாசகம் இல்லை, சிலருக்குக் குழியும் இல்லை. செட்டிகுளத்து முகாம்களில் கிடந்து மீண்டும் வந்தபோது ஒவ்வொரு வீட்டுக்கும் கடவுளோடு ஒரு கணக்கு இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்கு முன்னைவிட உருகிப் போனாள். இன்னொரு தாய் சாமிப் படங்களைக் கழற்றி வைத்துவிட்டுச் சபைக்குப் போகத் தொடங்கினாள். வேறொருவர் எந்த வாசலையும் மிதிக்கவில்லை. இங்கேதான் அந்த இசைக்கலைஞரின் கதை எனக்கு முக்கியமாகிறது. நம்பிக்கை மாறுவது எங்களிடம் தேநீர்க்கடைப் பேச்சு இல்லை. அது ஒரே வளவுக்குள் அக்கா தங்கச்சி பேசாமல் இருக்கிற விசயம்.

எங்களுக்குள்ளேயே ஒரு பாடகரையும் இப்படிப் பார்த்தோம். எழுச்சிப் பாடல்களால் வன்னியெங்கும் அறியப்பட்ட எஸ்.ஜி. சாந்தன், போருக்குப் பிறகு கோயில் மேடைகளில் பக்திப் பாடல் பாடினார். 2017 பெப்ரவரியில் காலமானார். சிலர் அதையும் ஒரு விலகலாகவே பேசினார்கள். பாடகனுக்குப் பாட ஒரு மேடை வேண்டும், கேட்பவனுக்கு அழ ஓர் இடம் வேண்டும். கோயில் முற்றம் இரண்டையும் தந்தது. அதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

வெளியுலகில் இதைவிடக் கடுமையான மாற்றங்கள் உண்டு. 1977இல் இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலப் பாடகர் காட் ஸ்டீவன்ஸ், யூசுப் இஸ்லாம் என்று பெயர் மாற்றி, கித்தார்களை ஏலத்தில் விற்று, புகழின் உச்சத்தில் பாட்டை நிறுத்தினார். பொப் இசைக்கு அவர் திரும்பி வர 2006 ஆயிற்று. ஏ.ஆர். ரஹ்மான், திலீப்குமாராக இருந்தவர், 1980களின் கடைசியில் குடும்பத்தோடு சூபி வழிக்குப் போனார். இசையை விடவில்லை. இளையராஜாவும் விடவில்லை. கடவுளுக்காகப் பாட்டைத் துறக்கவேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதாகத் தெரியவில்லை. அவருக்கு வேலைதான் பூசை. விடிய எழும்பிக் கலையகத்துக்குப் போய்த் தாளில் சுரம் எழுதுகிற பழக்கம் ‘அன்னக்கிளி’ காலத்தில் எப்படியோ, கோயில் காலத்திலும் அப்படித்தான்.

ஆனால் அவர் பேசியவை எல்லாவற்றையும் அவருடைய பாட்டைப்போல ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது. 2018இல் அமெரிக்காவில் கூகுள் அலுவலகத்தில் பேசியபோது, உண்மையான உயிர்த்தெழுதல் ரமணருக்கே நடந்தது, இயேசுவின் உயிர்த்தெழுதல் நடக்கவில்லை என்ற பொருளில் சொன்னார். சென்னையில் அவர் வீட்டின் முன் கிறிஸ்தவர்கள் போராடினார்கள். குருவின் மேல் உள்ள அன்பை மற்றவரின் உயிர்நாடியில் கைவைத்துத்தான் சொல்லவேண்டுமா? பிள்ளையைப் புதைத்துவிட்டு, உயிர்த்தெழுதல் என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு வாழ்கிற வேதக்காரத் தாய்மார் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடைய முற்றத்திலும் அவருடைய பாட்டுக் கேட்கிறது. பாட்டில் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டவர் பேச்சில் அப்படிச் செய்யவில்லை. 2022 ஏப்ரலில் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்ட நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையும், அந்த ஜூலையில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதும் பாவலரை நேசித்தவர்களை வருத்தின. அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு வாசல் 2024 டிசம்பரில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில், அவருடைய ‘திவ்ய பாசுரம்’ நிகழ்ச்சிக்குப் போயிருந்தபோது, அர்த்த மண்டப வாசலில் காலடி வைத்தவரை வெளியே நிற்கும்படி சொன்னார்கள். அர்ச்சகர், பரிசாரகர், மடாதிபதிகளைத் தவிர வேறு யாருக்கும் அங்கே இடமில்லை, இது பொதுவான விதி என்று கோயில் தரப்பு விளக்கியது. தன்மானத்தை விட்டுக்கொடுக்கிறவன் நானல்ல, பொய்ச்செய்தியை நம்பவேண்டாம் என்று அவரும் சொன்னார். அவர் சொல்லை மறுக்க எனக்கு உரிமையில்லை. ஆனாலும் ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தின் ஒரு நிலையையே எழுப்பிக் கொடுத்த மனிதர் எங்கே நிற்கலாம் என்ற கேள்வி ஊருலகத்துக்கு எழுந்ததே, அது தற்செயலல்ல. வன்னியிலும் சாதி பார்த்துத் திறந்த கோயில் வாசல்கள் இருந்தன. போர் பலதை உடைத்தது, சிலதை உடைக்கவில்லை.

அவர் வீட்டுக்குள் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2011இல் மனைவி ஜீவா காலமானார். தாயை இழந்த துயரத்தில் தேடத் தொடங்கிய இளைய மகன் யுவன் சங்கர் ராஜா, 2014இல் இஸ்லாத்தைப் பின்பற்றுவதாக அறிவித்தார். தகப்பனோடு பிணக்கு என்று வதந்தி கிளம்பியபோது, குடும்பம் தன் முடிவை ஆதரிக்கிறது, அப்பாவோடு எந்தப் பிணக்கும் இல்லை என்று யுவனே வெளிப்படையாகச் சொன்னார். தகப்பன் மூகாம்பிகை பக்தர், மகன் ஐந்து வேளை தொழுகிறவர். 2024 ஜனவரி 25இல் மகள் பவதாரிணி கொழும்பில் சிகிச்சையில் இருந்தபடியே உயிர்விட்டபோது, எங்கள் தீவிலிருந்துதான் அந்த உடல் புறப்பட்டது. வேறு வேறு திசையில் தொழுகிறவர்கள் ஒரே இழவுக்கு ஒன்றாக நின்றார்கள்.

2025 மார்ச் 8இல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழு அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியது. எண்பதைத் தாண்டிய வயதில் அவர் எழுதி முடித்த வேலை அது. அதே வருசம் செப்டம்பரில் மூகாம்பிகைக்கு வைரக் கிரீடம் கொண்டுபோய்ச் சாத்தினார். அதற்குச் செலவழித்த காசை ஏழைக்குக் கொடுத்திருக்கலாம் என்று பாவலரின் மேடை சொல்லியிருக்கும். சொல்லவும் வேண்டும். அதைக் கேட்டபிறகும் கிரீடம் சாத்த விரும்பினால் அது அவருக்கும் அவருடைய தாய்க்கும் உள்ள விசயம்.

எங்கள் ஊர்ச் சனத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சபைக்குப் போகிற தங்கச்சியை அம்மாவின் ஆண்டுத்திவசத்துக்குக் கூப்பிடாமல் விடாதேங்கோ. கோயிலுக்குப் போகிற அண்ணனின் வீட்டுப் பொங்கலைப் பிசாசின் சோறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதேங்கோ. எந்த வாசலுக்கும் போகாதவனை விட்டுவிடுங்கோ, அவனுக்கும் காரணம் இருக்கிறது. பதினைந்து வருசத்துக்கு மேலாகப் பேசாமல் இருக்கிற உடன்பிறப்புகள் இந்த வருசம் ஒருதரமாவது ஒரே முற்றத்தில் இருந்து சாப்பிடவேண்டும்.